பத்து வருடக் காத்திருப்பு... மூன்றே கேள்விகள்!

வீடியோ கேம் என்றாலே ஓடுவது, தாவுவது, சுடுவது என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 'ரோல் பிளேயிங் கேம்' என்று ஒரு ரகம் இருக்கிறது. அதிலும் சண்டை உண்டு. ஆனால், சண்டைக்காக மட்டும் யாரும் அதை ஆடுவதில்லை. ஒரு நாவலுக்குள் நாமே நாயகனாகவோ நாயகியாகவோ நுழைந்து, அறுபது எழுபது மணி நேரம் அங்கே வாழ்ந்துவிட்டு வருவதுதான் அதன் ருசி. யாரை நம்புவது, யாரை மன்னிப்பது, யாரைச் சாகவிடுவது... எல்லாமே நம் கையில். முடிவெடுத்த பிறகு, 'அன்றைக்கு நீ இப்படிச் செய்தாயே' என்று கதை நமக்கே ஞாபகப்படுத்தும். அந்த ஞாபகத்துக்காகவே ஒரு விளையாட்டுத் தொடரைப் பதினைந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தவர் அவர்.

2009 நவம்பரில் வெளியானது 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்'. கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கும் பயோவேர் நிறுவனத்தின் படைப்பு. மருத்துவம் படித்தவர்கள் சேர்ந்து 1995-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. 1998-ல் 'பால்டர்ஸ் கேட்' மூலம் பெயர் வாங்கியவர்கள், அதன் வாரிசு என்று சொல்லித்தான் ஆரிஜின்ஸைக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாடகை அறை, அதில் ஒரு நண்பர், நண்பருடைய ஒரே ஒரு கம்ப்யூட்டர். சாயங்காலம் ஒருவர் ஆடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருவர். ஒருவர் ஆடும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்வார். யோசனை என்ன யோசனை, பாதி நேரம் சண்டைதான்!

கதை ஃபெரெல்டன் என்கிற நாட்டில் நடக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து பெரும்படையாக அரக்கர்கள் கிளம்பி வருகிறார்கள். அவர்களை நடத்திவரும் மகா டிராகனைக் கொல்ல, 'கிரே வார்டன்' என்ற வீரர் கூட்டத்தால்தான் முடியும். நாம் அந்த வார்டன்களில் ஒருவர். பெரிய வீட்டுப் பிள்ளை, சேரியில் பிறந்த எல்ஃப், கோபுரத்தில் அடைபட்ட மந்திரவாதி என்று ஆறு பூர்வ கதைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். எந்தப் பிறப்பை எடுக்கிறோமோ, அதற்கேற்ப ஊர் நம்மை நடத்தும். எல்ஃபாகப் பிறந்தால் அரண்மனை வாசலில் கிடைக்கும் மரியாதையே வேறு.

ரெட்கிளிஃப் என்று ஒரு கோட்டை வரும். அங்கே கானர் என்கிற சின்னப் பையனைப் பேய் பிடித்திருக்கிறது. ஊரே அவனால் செத்துக்கொண்டிருக்கிறது. பையனைக் கொன்றால் ஊர் பிழைக்கும். அவனுடைய அம்மா, 'என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை விட்டுவிடுங்கள்' என்று முன்வருவாள். அவளைப் பலிகொடுத்து மந்திரம் செய்தாலும் பேய் போகும். தூரத்தில் இருக்கும் மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்டால் இரண்டு பேரையுமே காப்பாற்றலாம். ஆனால், முதல் தடவை ஆடுகிறவருக்கு அந்த மூன்றாவது வழியில் நம்பிக்கை வருவதில்லை. 'நாம் கிளம்பிப் போனால், திரும்பி வருவதற்குள் ஊர் என்ன ஆகுமோ?' என்று பதறும். அவர் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டு, மறுநாள் துணிந்து கோபுரத்துக்குப் போனார். பையன் பிழைத்தான். நண்பர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. அவருடைய ஆட்டத்தில் அம்மா செத்துப்போனாள்.

ஆனால், அந்த அறையில் பெரிய சண்டை நடந்தது லோகெயினுக்காக. லோகெயின் ஒரு தளபதி. போர்க்களத்தில் ராஜாவைக் கைவிட்டுத் தன் படையோடு விலகிப் போனவர். அதனால் ராஜாவும் ஏறக்குறைய எல்லா வார்டன்களும் செத்தார்கள். தப்பிய வார்டன் அலிஸ்டர், நம்மோடு ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிற நகைச்சுவைக்காரன், செத்த ராஜாவுக்கு வேறொரு தாய் வயிற்றில் பிறந்த தம்பி. கடைசியில் லோகெயின் நம்மிடம் தோற்று மண்டியிடுவார். தலையை வெட்டலாம். அல்லது, 'நீயும் வார்டனாகி அரக்கர்களோடு போராடு' என்று உயிரோடு விடலாம். விட்டால் அலிஸ்டர் நம்மை மன்னிக்கவே மாட்டான். வெளியேறிவிடுவான்.

அவர் யோசிக்கவே இல்லை. வெட்டினார். அலிஸ்டரை அரியணையில் ஏற்றினார். நண்பர் லோகெயினை விட்டார்.

"துரோகியை விட்டுட்டு, கூடவே வந்தவனைத் துரத்திட்டியேடா!"

"ஒரு தப்புக்கு ஒரு தலைன்னா உலகத்துல யாருக்குடா தலை இருக்கும்?"

இரண்டு நாள் அந்த அறையில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் நண்பரின் ஆட்டம் முடிந்தது. மகா டிராகனைக் கொல்லும் வார்டன் தானும் சாக வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி. மோரிகன் என்கிற மந்திரக்காரி அதற்கு ஒரு மாற்று வழி சொல்வாள்: ஒரு சடங்கு, அதன் மூலம் அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தை அந்த டிராகனின் ஆன்மாவைத் தாங்கிக்கொள்ளும், யாரும் சாக வேண்டாம். அவர் அதற்குச் சம்மதித்திருந்தார். நண்பர் மறுத்தார். அவருடைய ஆட்டத்தில் லோகெயின் தானே முன்வந்து டிராகனை வெட்டிச் செத்தார். நண்பர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

2011-ல் இரண்டாம் பாகம் வந்தது. அவசரமாகச் செய்த விளையாட்டு என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒரே குகையைத் திரும்பத் திரும்ப வேறு வேறு குகை என்று காட்டினார்கள். இருந்தும் இரண்டு பேரும் அதை மன்னித்தார்கள். காரணம் உண்டு. முதல் பாகத்தின் 'சேவ் ஃபைலை' இரண்டாம் பாகம் வாங்கிக்கொண்டது. அவருடைய ஆட்டத்தில் அலிஸ்டர் ராஜாவாக வந்து நின்றான். நண்பருடைய ஆட்டத்தில், அதே அலிஸ்டர் ஒரு சாராயக் கடையில் குடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தான். நண்பர் வெகுநேரம் மவுஸைத் தொடவில்லை. அவரும் கேலி பண்ணவில்லை.

இரண்டு நிமிடம் வந்துபோகிற காட்சிதான். கதையின் போக்கை அது மாற்றவும் இல்லை. ஆனாலும் இரண்டு வருடம் முன்னால் ஒரு ராத்திரியில் எடுத்த முடிவுக்கு இன்னொரு ஊரில், இன்னொரு கதையில் கணக்கு கேட்டது அந்த விளையாட்டு. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் கிராபிக்ஸால் அந்த இரண்டு நிமிடத்தைத் தந்துவிட முடியாது.

மூன்றாம் பாகமான 'இன்குவிசிஷன்' 2014-ல் வந்தபோது நண்பர் வெளிநாடு போய்விட்டார். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இந்த முறை பழைய சேவ் ஃபைல் நேரடியாகச் செல்லாது. 'டிராகன் ஏஜ் கீப்' என்ற இணையதளத்தில், முந்தைய இரண்டு பாகங்களிலும் நாம் செய்ததையெல்லாம் நாமே ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். ஒரு பெரிய திரைச்சீலையில் தையல் வேலைப்பாடு மாதிரி நூற்றுக்கணக்கான கட்டங்கள். யார் ராஜா? கானர் உயிரோடு இருக்கிறானா? மோரிகனுக்குக் குழந்தை உண்டா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து குறித்தார். வருமான வரிப் படிவத்தைக்கூட அவ்வளவு கவனமாக நிரப்பியவர் இல்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்வார்.

குறித்தது வீண்போகவில்லை. ரெட்கிளிஃப் ஊருக்குள் போய் அங்குள்ள விடுதிக்குள் நுழைந்தால், ஓர் இளைஞன் நிற்கிறான். கானர்! ஐந்து வருடம் முன்னால் அவர் தூக்கம் கெட்டுக் காப்பாற்றிய பையன் வளர்ந்து, பழைய நினைவின் பாரத்தோடு நிற்கிறான். பிறகு மோரிகன் வருகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கியரன் என்று ஒரு சின்னப் பையன். அவர் சம்மதித்த அந்தச் சடங்கின் பிள்ளை. நண்பரின் ஆட்டத்தில் அந்தப் பையனே கிடையாது.

2015-ல் வந்த கூடுதல் அத்தியாயத்தோடு அந்தக் கதை ஒரு பெரிய கொக்கியில் முடிந்தது. கூடவே இருந்த சோலஸ் என்கிற எல்ஃப்தான் உலகத்தையே கலைத்துப்போடத் திட்டமிடும் பழைய கடவுள் என்று தெரிகிறது. நாயகன் வரைபடத்தில் டெவிண்டர் என்ற வடக்கு நாட்டின் மேல் கத்தியைக் குத்துகிறான். அடுத்த பாகம் அங்கேதான் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். இடையில் அவர் அப்பாவானார்; வேலை மாறினார்; தலைமுடி குறைந்தது. விளையாட்டும் படாத பாடு பட்டது. ஆரம்பித்த திட்டத்தைப் பாதியில் கலைத்தார்கள். பல பேர் இணையத்தில் சேர்ந்து ஆடுகிற, தொடர்ந்து பணம் வந்துகொண்டே இருக்கிற விளையாட்டாக மாற்றப் பார்த்தார்கள். 2019-ல் அதே நிறுவனத்தின் 'ஆந்தம்' விழுந்தது. மறுபடியும் தனி ஆள் ஆடும் கதையாகத் திருப்பினார்கள். பழைய கதாசிரியர்களில் முக்கியமானவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 'ட்ரெட்வுல்ஃப்' என்று வைத்த பெயரைக்கூட வெளியாகச் சில மாதங்கள் இருக்கும்போது மாற்றினார்கள். ஒரு வீட்டை இத்தனை முறை இடித்துக் கட்டினால் சுவர் எப்படி நேராக நிற்கும்?

நடுவில் 2023-ல், பயோவேர் ஆரம்பித்துவைத்த பழைய பால்டர்ஸ் கேட் தொடருக்கு பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் மூன்றாம் பாகம் கொண்டுவந்தது. இரண்டாம் பாகம் வந்து 23 வருடம் கழித்து! பழைய ஆட்கள் சிலரும் அதில் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் அது வாங்கியது. அதை ஆடி முடித்தவருக்கு ஆசை அதிகமாகிவிட்டது. 'அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை இவர்கள் இப்படி வளர்த்திருக்கும்போது, சொந்தப் பிள்ளையை அவர்கள் விட்டுவிடுவார்களா?' நண்பரோடு ஒப்பந்தம் போட்டார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஆரம்பிப்பது. பழையபடி சண்டை போடுவது.

2024 அக்டோபர் 31-ல் வெளியானது 'டிராகன் ஏஜ்: தி வேல்கார்ட்'. புது நாயகனுக்கு முகம் அமைத்து முடித்ததும், பழைய கதையைப் பற்றிக் கேட்டது. மூன்றே கேள்விகள். மூன்றும் இன்குவிசிஷனைப் பற்றியவை. அதன் நாயகன் யாரைக் காதலித்தான்? அவன் நடத்திய அமைப்பைக் கலைத்தானா, இல்லையா? சோலஸைத் தடுப்பேன் என்றானா, திருத்துவேன் என்றானா?

அவ்வளவுதான். யார் ராஜா என்று கேட்கவில்லை. கானரைக் கேட்கவில்லை. லோகெயின் என்று ஒருவர் இருந்ததாகவே அதற்குத் தெரியவில்லை. அடுத்த பக்கம் இருக்கும் என்று தேடினார். இல்லை. கீப் தளத்தில் குறித்துவைத்த நூற்றுக்கணக்கான கட்டங்களை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வேல்கார்ட் மோசமான விளையாட்டு இல்லை. விமர்சகர்கள் பலர் நல்ல மதிப்பெண்தான் கொடுத்தார்கள். பெரிய விளையாட்டுகள் பல அரைவேக்காடாக இறங்கும் இந்தக் காலத்தில், அது பிழைகள் குறைவாக, சுத்தமாக வந்தது. தலைமுடி காற்றில் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எம்ரிக் என்று ஒரு கண்ணியமான வயதான மந்திரவாதியும், அவருக்கு உதவியாளராக ஒரு எலும்புக்கூடும் வருகிறார்கள். அந்த எலும்புக்கூட்டைப் பிடிக்காதவர் இருக்க முடியாது. இரண்டு நகரங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்படும்போது எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வி நிஜமாகவே வலிக்கிறது. கைவிட்ட நகரம் பிறகு நம் கண் முன்னால் சிதைந்து கிடக்கிறது.

அவருடைய அக்கா மகன், கல்லூரி முதலாண்டு படிப்பவன், தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதை ஆடினான். ஆரிஜின்ஸ் வந்தபோது அவனுக்கு மூன்று வயது.

"சூப்பரா இருக்கே மாமா! ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அவனுக்கு என்ன பதில் சொல்வது? முதன்முதலாக அந்த ஊருக்குப் போகிறவனுக்கு ஊர் அழகுதான்.

ரசிகர்கள் பலர் சண்டை முறை மாறியதைத் திட்டினார்கள். ஆரிஜின்ஸில் நான்கு பேர் கொண்ட குழு. ஆட்டத்தை நிறுத்திவைத்து ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுக்கலாம். வேல்கார்டில் நாயகனோடு இரண்டே பேர். அவர்களை நாம் இயக்கவும் முடியாது. இப்படி மாறுவது புதிதல்ல. 'ஃபால்அவுட்' மேலிருந்து பார்க்கும் ஆட்டமாக இருந்து 2008-ல் கண்ணெதிரே பார்க்கும் ஆட்டமானது. 'ஃபைனல் ஃபேன்டஸி'யும் முறைவைத்து அடிப்பதை விட்டுவிட்டு நேரடிச் சண்டைக்குப் போனது. அதையெல்லாம் அவர் சகித்துக்கொள்வார். கை பழகிவிடும்.

அவரால் சகிக்க முடியாமல் போனது மோரிகனை. அவள் வேல்கார்டிலும் வருகிறாள். அதே பேச்சு, அதே மிடுக்கு. ஒவ்வொரு முறை அவள் வாயைத் திறக்கும்போதும் பையனைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தார். ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குப் பிள்ளை இருந்ததா, இல்லையா என்பதே தெரியாதபடி பார்த்துப் பார்த்து வசனம் எழுதியிருக்கிறார்கள். அவர் ஆட்டத்துக்கும் பொருந்த வேண்டும். நண்பர் ஆட்டத்துக்கும் பொருந்த வேண்டும். புதிதாக வரும் அக்கா மகனுக்கும் புரிய வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும்படி பேசுகிறவள் யாருக்கும் தெரிந்தவளாக இல்லை. கல்யாண வீட்டில் பெயர் மறந்துபோனவர்களிடம் 'நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?' என்று பேசிச் சமாளிப்போமே, அந்த மாதிரி!

அதைவிடப் பெரிய அடி கடிதங்களில் வந்தது. கதை வடக்கே நடக்கிறது. அவ்வப்போது தெற்கிலிருந்து பழைய நாயகன் எழுதுவதாகக் கடிதங்கள் வரும். ஃபெரெல்டன் பக்கமெல்லாம் அரக்கர்களின் நோய் பரவி நாசமாகிக்கொண்டிருக்கிறது என்கின்றன அவை. அவர் மூன்று விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்துக் காப்பாற்றிய நாடு அது. அது அழிவதைக் காட்டக்கூட இல்லை. தபாலில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த ராத்திரி, அலிஸ்டர் என்ன ஆனான் என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. விளையாட்டுக்குள் கேட்க ஆளில்லை.

தயாரித்தவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். கதை புது நாட்டில் நடக்கிறது. தெற்கின் விவகாரங்களுக்கு இங்கே வேலையில்லை. பெயருக்குப் பழைய முடிவுகளைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கேட்காமல் இருப்பதே நேர்மை என்கிற மாதிரியான காரணம். பாதி நியாயம் அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான முடிவுகளுக்கும் கிளைக்கதை எழுதி, குரல் பதிவு செய்து முடிப்பது லேசான காரியமில்லை. ஆனால், எல்லாவற்றையும் கேட்கச் சொல்லி அவர் போன்றவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. கானரைப் போல இரண்டு நிமிடம். கடிதத்தில் 'ராஜா அலிஸ்டர்' என்று இரண்டு வார்த்தை. நண்பரின் ஆட்டத்துக்கு 'ராணி அனோரா' என்று இரண்டு வார்த்தை. அதற்கு எத்தனை செலவாகிவிடும்? புது ஆட்களைப் பயமுறுத்தக் கூடாது என்று பழைய ஆட்களின் ஞாபகத்தைத் துடைத்தார்கள். புது ஆட்களும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் இ.ஏ. நிறுவனம் கணக்கு சொன்னது: அந்தக் காலாண்டில் ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய பாதி குறைவு. அடுத்த சில நாட்களில் பயோவேரில் ஆட்களும் குறைக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்து அவர் சந்தோஷப்படவில்லை. அந்த அறையையும் அந்த ராத்திரிகளையும் கொடுத்தவர்கள் அவர்கள்தானே?

நண்பரிடமிருந்து மூன்று வாரம் சத்தமே இல்லை. ஒப்பந்தப்படி ஆரம்பித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. வேலை, குழந்தையின் பள்ளிக்கூடம், நேர வித்தியாசம்... இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ், அதற்கு ஒரு கைகூப்பு என்ற அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேல்கார்டை நம்பித்தான் அவர் பழைய பேச்சைத் திரும்பத் தொடங்கப் பார்த்தார். சண்டை போட அதில் ஒன்றும் இல்லாதபோது எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

நான்காவது வாரம், ராத்திரி பதினொன்றரைக்கு நண்பரே கூப்பிட்டார். முடித்துவிட்டாராம்.

"மூணு கேள்விடா. மூணே மூணு."

"ஆமா."

"லோகெயின் பேரைக்கூட எடுக்கல பாத்தியா?"

"எடுக்காததே நல்லது. எடுத்திருந்தா உன் ஆட்டத்துல துரோகிக்குச் சிலை வச்சிருப்பாங்க."

"துரோகியா? அந்த டிராகனைக் கொன்னது யாருடா? உன் அலிஸ்டர் அப்போ என்ன பண்ணிட்டிருந்தான்?"

"என் ஆட்டத்துல நாட்டை ஆண்டுட்டிருந்தான். உன் ஆட்டத்துலதான் குடிச்சுட்டுக் கிடந்தான்!"

பேச்சு முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். மறுநாள் காலை, 'விட்டது தப்பே இல்லை' என்று நண்பரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. அதற்குக் கீழே நான்கு பத்தியில் காரணங்கள். அவர் ஆபீஸுக்குப் போகும் வழியெல்லாம் அதற்குப் பதில் டைப் செய்துகொண்டிருந்தார்.